ஐம்பது வெள்ளிக் கோபம்

அக்கா,

சட்டையைத் திரும்பத் திரும்பத் துவைத்தாயிற்று. மாமரத்துப் பால் வாசனை போகமாட்டேன் என்கிறது. ஜெராம் பக்கம் அடித்த காற்றில் சாய்ந்த மரங்களுக்குப் பின்னால்தான் ஒரு வாரமாக லோரியை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்குப் பசிக்கும். உங்களுக்குக் கோபம் வரும். ஒரே வாசனை இரண்டு பேருக்குள் இப்படி வேறு வேறு இடத்துக்கு எப்படிப் போகிறது என்று உங்களிடம் கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் இனிப்பு நீர் வியாதி முந்திக்கொண்டு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இப்போதெல்லாம் யாரும் வந்து மரத்தைப் பாருங்கள் என்று கூப்பிடுவதில்லை. போட்டோ அனுப்புகிறார்கள். அடியில் ஒரு வரி: "அண்ணே, இத வெட்ட எவ்வளவு லா?" போட்டோவில் முதலில் தெரிவது கார். அதற்குப் பின்னால் புது ஓடு பதித்த போர்ச். அதற்கும் பின்னால், யாரோ கூப்பிட்டதால் வேண்டாவெறுப்பாக வந்து நின்றதுபோல, மரம். இன்றைக்கு இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்தப் போட்டோவை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்து விலை சொல்கிறார்கள். எதைப் பெரிதாக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் பெரிதாக்கினேன். நல்ல கார். நம்பர்கூட விலை கொடுத்து வாங்கிய நம்பர்போல இருந்தது.

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள்.

உங்களிடம் நான் வேலைக்கு வந்த கதையை நானே வெட்கமில்லாமல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கோலசிலாங்கூர் டவுனில் போட்டோஸ்டேட் கடை வைத்திருந்தேன். நல்ல இடம், நல்ல மெசின். கெட்டது என் கண்ணும் வாயும். ஒருவர் விவாகரத்துப் பத்திரத்தை இரண்டு நகல் எடுக்கக் கொண்டுவந்தால், மூன்றாவது நகல் அன்று சாயந்திரமே தேத்தண்ணிக் கடையில் இருக்கும். ஒரு வருஷத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் கடைக்குள் வரவில்லை. கடையை மூடிய வாரம் உங்கள் லோரி டிரைவர் ரவாங்கில் பேக்டரி வேலைக்குப் போய்விட்டார். "லோரி ஓட்டுவியா?" என்றீர்கள். "ஓட்டுவேன்." "வாய?" "அது தானா ஓடும்க்கா." நீங்கள் சிரிக்கவில்லை. ஆனாலும் சாவியைக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து எனக்கு உங்கள் வாயில் பெயர் 'போட்டோஸ்டேட்டு'.

எஸ்டேட்டில் செம்பனை மட்டை வெட்டும் கங்காணி வேலையிலிருந்து வெளியே வந்து, தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு மரம் கழிக்கும் தொழிலை நடத்திய ஒரே பொம்பளை நீங்கள். தலையில் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் ஒன்றுமில்லை. கையில் எதுவும் வைத்துக்கொள்ளாததால் அந்தக் கை எந்நேரமும் யாரையாவது நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கும். ஏறுவதும் அறுப்பதும் கலும்பாங் சேகர். ஓட்டுவது நான். விலை சொல்வது நீங்கள் மட்டும்.

அந்த விலை சொல்லும் முறையைத்தான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எந்த வீட்டுக்குப் போனாலும் லோரியை முன்வாசலில் நிறுத்த விடமாட்டீர்கள். சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போகவேண்டும். சாக்கடையைத் தாண்டி, துணி காயும் கொடிக்கு அடியில் குனிந்து, பின்பக்கமாகத்தான் மரத்திடம் போவீர்கள். மரத்தைச் சுற்றுவீர்கள். கூரையைப் பார்ப்பீர்கள். நான் பின்னாலேயே ஓடிவந்து, "அக்கா, இந்த வீட்டுக்காரர் பேங்க்ல பெரிய ஆளு, மூத்த பொண்ணு ஆஸ்திரேலியாவுல..." என்று ஆரம்பித்தால், காதைப் பொத்திக்கொள்வீர்கள். நிஜமாகவே, இரண்டு கையாலும்.

"கூரையப் பார்த்தா வேல தெரியும். கேட்டப் பார்த்தா ஆசதான் தெரியும்" என்பீர்கள். கூரைக்கு மேலே கிளை இருந்தால் கயிறு கட்டி இறக்கவேண்டும், அதனால் கூரையைப் பார்க்கலாம். வாசல் கேட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மரத்துக்கு அதனால் ஒரு இலைகூட கூடப்போவதில்லை.

பிறகு விலை. அதை வீட்டுக்காரருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லமாட்டீர்கள். சந்துக்கே சொல்வீர்கள். எஸ்டேட்டில் அந்த மலையிலிருந்து இந்த மலைக்கு ஆள் கூப்பிட்ட தொண்டை அது. "நானூறு!" என்றால் நாலு வீடு தள்ளி மீன் கழுவிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். "ஏன்க்கா இப்படி கத்துறீங்க?" என்று கேட்டேன். "நாள பின்ன அந்த வீட்டு மரத்துக்கும் நாமதான வருவோம். அப்போ இவருக்கு ஒரு வெல, அவருக்கு ஒரு வெலன்னு மனசு போவும். கத்திட்டா போவாது." அடுத்தவர் ஏமாற்றாமலிருக்க ஊர் பூட்டுப் போடும். நீங்கள் உங்களுக்கே பூட்டுப் போட்டு, சாவியைச் சந்தில் எறிந்துவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் இருந்த காலத்தில் அந்தப் பெரிய காற்று வந்தபோது இந்தப் பூட்டுதான் நம் கழுத்தில் மாட்டியது.

மத்தியானம் கறுத்து, சாயந்திரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை நம் தாமானுக்குள் லோரி நுழைய வழியில்லை. ரோட்டில் நிழலுக்கு வைத்த அங்சானா மரங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. வீடுகளின் பின்புறம் மா, பலா, ரம்புத்தான் என்று ஒன்றின் மேல் ஒன்று. எனக்குள்ளே ஒரு கல்யாண வீட்டுக் குஷி. இத்தனை வீட்டுக்குள்ளேயும் ஒரே நாளில் எட்டிப் பார்க்கும் வாய்ப்பு வேறு எப்போது கிடைக்கும்?

முதல் சந்திலேயே நீங்கள் கத்தினீர்கள். பழைய விலை இல்லை. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

கடைசி வீட்டிலிருந்து கிராணியார் வந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதி ரிட்டயர்ட் ஆனவர். ரிட்டயர்ட் ஆகி வெகுகாலம் ஆகியும் சட்டைப் பையில் பேனா இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார். அவர் வீட்டு மாமரம் வேரோடு பாதி கிளம்பி, சமையல்கட்டுக் கூரையில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தது. அதே மரத்தைக் கழிக்கப் போன மாதம் ஐந்நூறு சொல்லியிருந்தீர்கள். இப்போது எழுநூறு.

"ஏம்மா, காத்துக்குக் கமிஷன் குடுக்கறியா?" என்றார்.

"நிக்கிற மரம் கட்டிப்போட்ட மாடு மாதிரிங்கய்யா. சாஞ்ச மரம் அடிபட்ட பன்னி. எப்போ எந்தப் பக்கம் பாயும்னு தெரியாது. கூட வாங்கறது மேல ஏறறவனுக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"எல்லாரும் சத்தமா சொல்லமாட்டாங்கய்யா."

அவர் போய்விட்டார். அன்று மத்தியானமே தாமான் வாட்சாப் குழுவில் உங்களுக்குப் புதுப் பெயர் வந்தது: 'புயல் அக்கா'. யார் வைத்தார்கள் என்று நான் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன். வேண்டாம் என்றீர்கள். கேட்டிருந்தால் ஒரு ராத்திரி முழுக்கச் சொல்லியிருப்பேன்.

வெளியூர் லோரிகள் வந்தன. அவர்கள் கத்தவில்லை. முன்வாசலில் நிறுத்தி, செருப்பைக் கழற்றி ஹாலுக்குள் போய் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, மெதுவான குரலில் விலை சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அது உங்கள் விலையைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. வீட்டுக்காரர்கள் நன்றி சொல்லிப் பணத்தைக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் யாருக்கும் வலிக்கவில்லை. ஊரிலேயே குறைவாக வாங்கியவர் கொள்ளைக்காரி. அதிகமாக வாங்கியவன் ஆபத்தில் உதவிய நல்ல மனுசன். எனக்கு இது இன்றுவரை ஆச்சரியம்தான். நீங்கள் ஆச்சரியப்படவில்லை. சாப்பிடாமல் இருந்தீர்கள்.

ஊரெல்லாம் மரம் அறுக்கும் செயின்சா சத்தம். நம் லோரி மட்டும் கோவில் பக்கத்து நிழலில் நின்றது. வருவதாகச் சொன்ன வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. வெளியூர்க்காரர்கள் சேகரை இரட்டைக் கூலிக்குக் கூப்பிட்டது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. வெலய கொஞ்சம் மெதுவா சொன்னாதான் என்னவாம்?"

"மெதுவா சொல்லி?"

"வேல வரும்லா. எனக்கு வீட்டுல சும்மா குந்த முடியாதுக்கா. இந்த வாரம் மட்டும் பொறுத்துப் பாக்கறேன்."

அவர் போனபிறகு நீங்கள் சொன்னது ஒரு வரிதான்: "இவனும் போய்ட்டா இந்த லோரிய வச்சு தேங்கா ஏத்த வேண்டியதுதான்." நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த வாரக் கடைசியில் என் போன் அடித்தது. கிராணியார். குரல் போனுக்கே கேட்காத குரல். "தம்பி, அக்காவுக்குத் தெரியாம நீயே ஒரு வெல சொல்லு" என்றார். எனக்கு ஜென்ம சாபல்யம். என்ன நடந்தது என்று தோண்டினேன். வெளியூர் ஆள்கள் முழுப்பணத்தையும் வாங்கிக்கொண்டு, சந்துப் பக்கம் கைக்கு எட்டிய கிளைகளை மட்டும் அறுத்துவிட்டு, நாளைக்கு வருகிறோம் என்று போனவர்கள்தான். மரத்தின் பாரம் முழுக்க இப்போது கூரைப் பக்கம். சமையல்கட்டுக்குள் போக அவர் மனைவிக்குப் பயம். அடுத்த வீட்டு மலாய்க்கார அக்கா, நாம் கக்காக் என்று கூப்பிடுபவர், பிள்ளைகளை அந்தப் பக்க அறையில் படுக்க விடுவதில்லை.

அக்காவுக்குத் தெரியாமலாவது! நான் போனை வைத்த கையோடு உங்களிடம் ஓடிவந்தேன். "அக்கா, மூணு மடங்கு கேளுங்க. நா பின்னாடி நின்னு அவரு மூஞ்சியப் பாக்கணும்."

நீங்கள் பூட்ஸை மாட்டினீர்கள்.

பின்சந்து வழியாகத்தான் போனோம். ஒவ்வொரு வீட்டுப் பின்கதவிலும் ஒரு தலை. நீங்கள் மரத்தைச் சுற்றினீர்கள். குனிந்து வேரைப் பார்த்தீர்கள். சேகரைக் கூப்பிட்டு, அடிமரம் முறுக்கிக்கொண்டிருந்த இடத்தைக் காட்டினீர்கள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் நிமிர்ந்து, முன்பைவிடப் பலமாகக் கத்தினீர்கள்: "ஆயிரம்!"

கிராணியார் உங்களைப் பார்த்தார். "பழி வாங்கறியாம்மா?"

"பாதி அறுத்த மரம் முழு மரத்தவிட மோசம்ங்கய்யா. அதுக்குத்தான்."

அவர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். சந்தில் யாரோ, "புயலு திரும்ப அடிக்குது" என்றது எனக்கே கேட்டது. உங்களுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்.

வேலை மத்தியானம் வரை போயிற்று. நுனியிலிருந்து சின்னச் சின்னத் துண்டாக, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி, கூரையில் ஒரு ஓடு நகராமல் இறக்கினீர்கள். கடைசி அறுப்புக்கு முன், "சேகரு, இந்தப் பக்கம் வந்து நில்லு" என்று ஒரு சத்தம் போட்டீர்கள். அவர் நகர்ந்தார். அறுத்ததும் அடிமரம் முறுக்கவிழ்ந்து உதைத்த உதையில், அவர் கொஞ்ச நேரம் முன்பு நின்றிருந்த ஏணி இரண்டு துண்டாகிப் பக்கத்து வேலியில் போய்த் தொங்கியது. பின்கதவுத் தலைகள் எல்லாம் உள்ளே போய் மறுபடி வெளியே வந்தன. கிராணியார் ஆயிரத்தை எண்ணிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

நான் பறந்துகொண்டிருந்தேன். ஏணி உடைந்ததை எந்த எந்தக் கடையில் எப்படி எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வண்டியை விட்டேன். இலை போட்டார்கள். சேகர் சாப்பிட்டார், நான் அவருக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள்.

"என்னக்கா?"

"ஆயிரத்துல கொஞ்சம் மரம் இல்ல."

"வேற என்னா?"

"அவரு மூஞ்சி."

சேகர் சாப்பிடுவதை நிறுத்தினார். நீங்கள் ஒரு கவளம் எடுத்து வாய்வரை கொண்டுபோய்த் திரும்ப இலையில் வைத்தீர்கள். ஏதோ மனக்கணக்குப் போடுகிற பாவனை. இன்னொரு கவளம். அதுவும் திரும்பியது. அதற்கடுத்தது வாய்க்குள் போயிற்று. மென்றீர்கள், முழுங்கினீர்கள், தண்ணீர் குடித்தீர்கள்.

"இருபதுன்னு நெனச்சுப் பாத்தேன், எறங்கல. முப்பது, அதுவும் எறங்கல. அம்பதுன்னதும் எறங்கிருச்சு" என்று தொப்பிக்குள்ளிருந்து ஒரு ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். "கொண்டுபோய்க் குடு. இது மரத்துக்கு இல்ல, அக்கா கோவத்துக்கு வாங்கினது, தப்புன்னு சொல்லு. வெல எப்படிச் சொன்னமோ அப்படிச் சொல்லணும். சந்துக்கே கேக்கணும்."

"அக்கா, அப்புறம் நாம பழிதான் வாங்கினோம்னு ஊருக்கே தெரிஞ்சிரும். பேரு இன்னும் கெட்டுரும்."

"அம்பது வெள்ளிக்குத்தான் கெடும். மீதி மரம்."

அக்கா, என் வாழ்க்கையில் நான் கத்தாத விஷயம் கிடையாது. ஊரார் கடன், ஊரார் காதல், யார் வீட்டு ஃபிரிட்ஜ் தவணையில் வாங்கியது என்பது வரை. ஆனால் அந்தச் சந்தில் நின்று நோட்டை நீட்டியபோது குரல் இறங்கிவிட்டது. முணுமுணுத்தேன்.

"என்னா தம்பி? கேக்கல" என்றார் கிராணியார்.

மறுபடி சொன்னேன்.

"இன்னும் கேக்கல."

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "இது அக்காவோட கோவத்துக்கு வாங்கின காசு! தப்பு! திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க!" மீன் கழுவுகிறவர், துணி உலர்த்துகிறவர், கக்காக் எல்லோரும் வேலிக்கு வந்துவிட்டார்கள். கக்காக்குக்குத் தமிழ் தெரியாது. பக்கத்திலிருந்தவர் மலாயில் சொன்னதும் அவர் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

கிராணியார் நோட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழக்கம். பிறகு கேட்டார்: "அம்பதுதானா? நான் பேசின பேச்சுக்கு நூறாவது வந்திருக்கணுமே."

"எங்க அக்கா கணக்குல அம்பதுதாங்கய்யா" என்றேன்.

அவர் நோட்டை மடித்து, பேனாவுக்குப் பின்னால் சொருகிக்கொண்டார். பிறகு சந்தின் நடுவில் வந்து நின்று, அவர் தொண்டையில் இருக்குமென்று நான் நினைத்தே பார்க்காத ஒரு சத்தத்தில் சொன்னார்: "அந்த வெளியூர்க்காரனுக்கு எங்க ஹால்ல ஒக்காந்து ஆயிரத்து எண்ணூறு குடுத்தேன்!"

பிறகு மீன் கழுவுகிறவர் வீட்டிலிருந்து, "நாங்க ஆயிரத்து இருநூறு!" எதிர்ச் சந்திலிருந்து ஒரு பெண் குரல்: "அடப்பாவி, எங்ககிட்ட ரெண்டாயிரம். ஒரு ரம்புத்தான் மரத்துக்கு!" கக்காக் தன் தொகையை மலாயில் சொன்னார். வேலிக்கு வேலி விலை பறந்தது. ரம்புத்தானுக்கு ஏன் ரெண்டாயிரம் என்று எல்லோரும் யோசிக்க, நான் மட்டும் அந்த வீட்டு வாசலை எட்டிப் பார்த்தேன். இரண்டு கார், அதில் ஒன்றுக்கு இன்னும் சீட் பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை.

திரும்பி வந்து உங்களிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். கிராணியார் நூறு என்றதைச் சொன்னபோது மட்டும் நீங்கள் கேட்டீர்கள்: "நெசமா அப்படியா சொன்னாரு?" ஆமாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோப்பைச் சுருட்ட ஆரம்பித்தீர்கள். அடுத்த வாரம் லோரிக்கு ஓய்வில்லை. சேகர் கலும்பாங்கிலிருந்து தன் மச்சானையும் கூட்டிவந்தார். 'புயல் அக்கா' என்ற பெயர் போகவில்லை. ஆனால் அதைச் சொல்லித்தான் போனில் கூப்பிட்டார்கள்.

இப்போது நீங்கள் இல்லை. சேகர் ஏறுகிறார், நான் ஓட்டுகிறேன், விலையும் நானே சொல்லவேண்டியிருக்கிறது. நான்! பின்சந்து வழியாகத்தான் போகிறேன். கத்தித்தான் சொல்கிறேன். ஆனால் உங்கள் தராசு எனக்கு உதவவில்லை. என்ன விலை சொன்னாலும் எனக்குச் சோறு இறங்கிவிடுகிறது. இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்குகிறேன்.

உங்களால் எப்படி அந்தக் கோபத்தைத் தனியாகப் பிரித்து நிறுக்க முடிந்தது என்று யோசித்து யோசித்து, எனக்கென்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். சரியா என்று கேட்க ஆளில்லை. விலை சொல்லும்போது எந்த இடத்தில் என் குரல் தானாக இறங்குகிறதோ, அந்த இடத்தில் மரம் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. காராக இருக்கலாம், கேட்டாக இருக்கலாம், எப்போதோ என்னைப் பார்த்துச் சிரிக்காமல் போன முகமாக இருக்கலாம்.

முந்தாநாள் ஜெராமில் ஒரு வீட்டுப் பின்னால் நின்று, "அறுநூத்தி..." என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தையில் குரல் தானாக இறங்கிவிட்டது. கிளையைப் பார்க்க ஏறியிருந்த சேகர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்னண்ணே, கேக்கல" என்றார். கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தேன், அக்கா. அப்புறம், "அறுநூறு!" என்றேன்.

சந்துக்கே கேட்டது.